மருமகனின் காரும் மாமாவின் சமாதானமும்

அத்தியாயம் பதினான்கு

"இத்தால் கல்முனைக்குடி வாழ் பொதுமக்கள் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில்! எமது மண்ணின் மைந்தரும், மரணாதார சபையின் பொருளாளரும், இன நல்லுறவுச் சங்கத்தின் ஆயுட்கால உப தலைவரும், ஓய்வுபெற்ற உப தபாலதிபருமாகிய அல்ஹாஜ் உதுமாலெவ்வை அவர்கள், இன்று காலை அம்பாறை நீதிமன்றத்தில் சமாதான நீதவானாகச் சத்தியப்பிரமாணம் செய்யவிருக்கிறார்! பின்னேரம் அஸர் தொழுகையின் பின்னர், கம்ப்யூட்டர் பூட்டிய தனது ஜப்பான் காரில் பிரதான வீதியால் ஊர்வலமாக அழைத்து வரப்படுவார்! அனைவரும் திரண்டு வருக!"

பாண்டிருப்புப் புண்ணியமூர்த்தியின் ஆட்டோ, தலையில் இரண்டு ஸ்பீக்கர்களைச் சுமந்துகொண்டு, சுபஹு தொழுகை முடிந்த கையோடு ஒழுங்கை ஒழுங்கையாக இதைச் சொல்லிக்கொண்டு போனது. தூங்கியவர்கள் எழும்பினார்கள். எழும்பியவர்கள், மரணாதார சபைப் பொருளாளரின் பெயர் கேட்டதால், யாரோ இறந்துபோன மௌத்துச் செய்தி என்று நினைத்து 'இன்னாலில்லாஹி' சொன்னார்கள்.

அறிவித்தலில் ஒரு சொல் பிழை. 'தனது' என்ற சொல். உதுமாலெவ்வை ஹாஜியார் தனது என்று சொல்பவற்றில் பாதி அவருடையது அல்ல. வீடு மகள் ஹிதாயாவுக்குச் சீதனமாக எழுதியாயிற்று. எழுதிய மையின் ஈரம் காயமுன்னர் ஊர் வழக்கப்படி ஹாஜியாரும் மனைவி ஆமினா உம்மாவும் பின்வளவில் சமையலுக்கென இருந்த குசினிக்கட்டுக்குக் குடிபெயர்ந்தும் ஆயிற்று. கார், அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்த ஜுனைதீனுடையது. ஜப்பானில் பழைய கார் உடைக்கும் யார்டில் வேலை செய்து, உடைக்க மனம் வராத ஒன்றைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தவன் அவன்.

அந்தக் கார் போன வாரம் கல்முனைச் சந்தைக்கு முன்னால் செய்த காரியத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேகத்தைக் குறைத்த இடத்தில் 'டப், டப், டப்' என்று அதன் பின்பக்கம் வெடித்தது. கடைக்காரர்கள் ஷட்டரை இழுத்தார்கள். மீன்காரன் தன் சுறாவுக்கு மேல் குப்புற விழுந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பவும் ஏறினார்கள். எந்தச் சத்தமும் தனக்குக் கேட்கவில்லை என்று பிறகு சொன்ன ஒரே ஆள் ஹாஜியார். அவர் அந்நேரம் தேநீர்க் கடை மேசைக்குக் கீழே இருந்தார்.

அது பழுதல்ல. வேண்டுமென்று செய்தது. எஞ்சினுக்கு எவ்வளவு பெற்றோல், எந்தக் கணத்தில் நெருப்பு என்று தீர்மானிக்கிற ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி அந்தக் காரில், முன்சீற்றில் இருப்பவரின் காலடியில் இருக்கிறது. சாதாரணக் கார் என்றால் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்டி பெற்றோலை நிறுத்திவிடும். ஜுனைதீனின் பெட்டி நிறுத்தாது. இன்னும் ஊற்றும்; நெருப்பையும் பிந்திக் கொடுக்கும். எஞ்சினுக்குள் எரிய வேண்டியது சைலன்சர் குழாய்க்குள் எரியும். அந்தச் சூட்டில், எஞ்சினுக்குக் காற்றடிக்கிற டர்போவின் சக்கரம் ஓயாமல் சுற்றும். வளைவு தாண்டி மறுபடி மிதித்ததும் கார் பாயும். தெற்கே நடக்கிற மண்ரோட்டுப் போட்டிகளில் அதைக் கெட்டித்தனம் என்பார்கள். எங்கள் பக்கத்தில் அதைத் துப்பாக்கிச் சூடு என்பார்கள்.

ஹிதாயா அன்று காலை பல் துலக்கும்போதே பயந்துகொண்டுதான் துலக்கினாள்.

"திருத்தியாச்சாங்க?" என்று புருஷனிடம் கேட்டாள்.

ஜுனைதீன் கார்க் கதவைத் திறந்துவைத்து, மடியில் லெப்டொப்போடு உட்கார்ந்திருந்தான். அதிலிருந்து ஒரு வயர் பெட்டிக்குப் போயிருந்தது.

"ஓம் புள்ள. இனி ஆட்டுக்குட்டி மாதிரிப் போகும். காலை எடுத்தா பெற்றோல் நிண்டிரும்."

"நிரந்தரமாப் பதிஞ்சாச்சா?"

"ஓடிப் பாக்காம எப்பிடிப் பதியிற? ஓட்டம் சரி எண்டாத்தான் பதிவன். அதுவரைக்கும் பெட்டிட ஞாபகத்தில நிக்கும். பெற்றிக் கரண்ட் இரிந்தாக் காணும்."

பெற்றி என்றது கார் பேட்டரியை. இப்படிச் செய்வது அவன் தொழில் வழக்கம். எழுதிய இலக்கத்தை ரோட்டில் ஓட்டிப் பார்க்காமல் பெட்டிக்குள் பதிய மாட்டான். அப்படி ஓட்டிப் பார்க்கும் நாட்களில் லெப்டொப்பை மடியில் வைத்து ஓடுகிற இலக்கங்களை வாசித்துச் சொல்வது ஹிதாயாவின் வேலை. கல்யாணமான புதுசில் மற்றப் பெண்கள் புருஷனோடு கடற்கரைக்குப் போனார்கள். இவள் அட்டாளைச்சேனை ரோட்டில் போய்வந்தபடி இலக்கம் ஒப்புவித்தாள். வெடிப்பதற்கு முன்னால் அந்த எஞ்சின் எந்தச் சுருதியில் முனகும் என்று அவள் காதுக்குத் தெரியும்.

"லெப்டொப்பையும் கொண்டுபோவம்" என்றாள்.

"வேணா!" என்று பின்னாலிருந்து ஹாஜியாரின் குரல் வந்தது. வெள்ளைச் சாரம், வெள்ளைக் கோட்டு, புதுத் தொப்பி, தோளில் தங்கக்கரைச் சால்வை. காலையிலேயே ஊர்வலத்துக்கு ஆயத்தமாகிவிட்டார். "வயரும் பெட்டியுமாக் கொண்டுபோய் ஆமிக்காரன்ட கையில மாட்டவா? போன மாசம் இத வெச்சித்தானே மருமகனப் பகல் முழுக்க நிப்பாட்டின. நான் நீதிமன்றத்துக்குப் போறன். மரியாதையாப் போகணும்."

"வாப்பா, பஸ்ஸில போனா என்ன?"

"பஸ்ஸில போறவன் நீதவானா?"

ஆமினா உம்மா குசினிக்கட்டிலிருந்து எட்டிப்பார்த்தாள். "நேத்து வயலுக்க இரிக்கிற ஆமிச் சென்றிக்கு ஆரோ சுட்டெண்டு கதைக்காங்க. ஒரு ஆமிக்காரனுக்குக் காயமாம். இண்டைக்கி இலை விழுந்தாலும் சுடுவானுகள். இன்னொரு நாளைக்கிப் போங்களேன்."

"அறிவிச்சாச்சி" என்றார் ஹாஜியார்.

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அறிவித்துவிட்டதற்காக இந்த உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறார்கள்.

நாவிதன்வெளியால் சுற்றிப் போகலாம் என்றால், மாரி வெள்ளம் அந்த ரோட்டை அறுத்துக்கொண்டு போயிருந்தது. ஆகவே காரைதீவு, சம்மாந்துறை, வயல்வெளி, ஆமிக் காவலரணான அந்தச் சென்றி, அம்பாறை. ஹிதாயாவும் போக வேண்டும். காரில் பெண் ஒருத்தி இருந்தால் ஆமிக்காரன் அதிகம் கிண்ட மாட்டான் என்பது அந்நாட்களில் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ஆக, அவள் மகளாகவோ மனைவியாகவோ ஏறவில்லை. ஒரு பாஸாக ஏறினாள்.

ஜுனைதீன் குளிக்கப் போனான். ஹிதாயா அபாயா மாட்டப் போனாள். இருவரும் திரும்பி வந்தபோது கார் நின்ற இடத்தில் நின்றது. ஹாஜியார் முன்சீற்றில் ஏறி, படம் எடுக்கப்போவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

காரைதீவுச் சந்தியில் ஒரு மாட்டுவண்டி குறுக்கே வந்தது. ஜுனைதீன் காலை எடுத்தான்.

'படபட' என்று பின்னால் ஏதோ பொரிந்தது. கடுகு தாளித்ததுபோல மெல்லிய சத்தம்.

கண்ணாடியில் அவன் கண்கள் ஹிதாயாவின் கண்களைத் தேடின. அவள் முகம் வெளுத்திருந்தது.

"என்ன மருமகன், கல்லா அடிச்ச?" என்றார் ஹாஜியார்.

"ஓம் மாமா. கல்லு."

ஹிதாயா தலையை முன்னுக்கு நீட்டி ரேடியோவைப் பார்த்தாள். அதிலிருக்கும் மணிக்கூடு எப்போதும் சரியாக ஓடும். இன்று அது நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரம் என்று காட்டியது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெற்றியைக் கழற்றிப் பூட்டினால் அந்த மணிக்கூடு பூச்சியத்திலிருந்து தொடங்கும்.



"வாப்பா, காலையில கார்ட பெற்றிய ஆரும் கழட்டினயா?"

ஹாஜியார் பெருமையோடு திரும்பினார். "அதையேன் கேக்காய்! புண்ணியமூர்த்திட பெற்றி ரெண்டாவது ஒழுங்கையிலேயே செத்துப்போச்சி. ஸ்பீக்கர் கத்துதில்ல. திரும்பி வந்து நிண்டான். என்ட அறிவித்தல் பாதியில நிக்க ஏலுமா? 'என்ட மருமகன்ட ஜப்பான் பெற்றி இரிக்கி, எடுத்துப் பூட்டு' எண்டன். நீங்க உள்ளுக்க இரிந்தீங்க. கடற்கரைப் பள்ளி வரைக்கும் கேட்டெண்டு சொன்னான். திருப்பிக் கொண்டுவந்து பூட்டியும் போட்டான். நல்ல பொடியன்."



காலையில் எழுதிய ஆட்டுக்குட்டி, பெற்றியோடு சேர்ந்து போய்விட்டது. பெட்டிக்குள் நிரந்தரமாகப் பதிந்திருந்த பழைய புலி திரும்பவும் வந்து உட்கார்ந்திருந்தது. காரைதீவுவரை எஞ்சின் முழுச் சூடாகாததால்தான் அது பொரிந்ததோடு விட்டது.

"காரைத் திருப்பிக் கிறுக்குங்க, வீட்ட போவம்" என்றாள் ஹிதாயா, தாழ்ந்த குரலில்.

ஜுனைதீனும் அதைத்தான் நினைத்தான். ஆனால் பேச்சிலும் பெருமையிலும் சம்மாந்துறை பின்னால் போய்விட்டிருந்தது. ரோட்டு வயலுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல் நீண்டு கிடந்தது. அதன் மறுமுனையில் தார்ப் பீப்பாக்களும் மண்மூட்டைகளும் தெரிந்தன. இங்கிருந்து அது தெரிகிறதென்றால், அங்கிருந்து இதுவும் தெரியும். சென்றியைக் கண்டு திரும்பி ஓடுகிற காரை ஆமிக்காரன் என்ன செய்வான் என்பதற்கு யாரும் விளக்கம் எழுதத் தேவையில்லை.

வரம்பிலிருந்து ஓர் உடும்பு ரோட்டுக்குக் குறுக்கே ஓடியது. அவன் கால் தன்னையறியாமல் மேலே வந்தது.

'டப்!'

வயலில் நின்ற கொக்குகள் ஒன்றாக எழும்பின. களை பிடுங்கிய பெண்கள் சேற்றில் குந்திக்கொண்டார்கள். ஹாஜியாரின் தொப்பி மூக்குக்கு வந்தது.

"அல்லாஹ்வே! ஆர் சுட்ட?"

"நாங்கதான் வாப்பா" என்றாள் ஹிதாயா.

ஜுனைதீன் காலைத் திரும்பவும் வைத்துவிட்டான். இப்போது எடுக்கப் பயம். எடுத்தால் வெடிக்கும், எடுக்காவிட்டால் கார் நிற்காது. நிற்காத காரும் சுடப்படும், வெடிக்கிற காரும் சுடப்படும். பீப்பாக்கள் பெரிதாகிக்கொண்டு வந்தன. மூட்டைகளுக்கு மேலால் ஒரு தலைக்கவசம் எழும்பியது. பிறகு இன்னொன்று. அந்த ஒரு சத்தம் காற்றில் அவர்களிடம் போயிருக்க வேண்டும்.

"சாவிய நிப்பாட்டுங்க" என்றாள் ஹிதாயா. "கால் அப்பிடியே இரிக்கட்டும். சாவிய மட்டும்."

"குழாய்க்குள்ள மிச்சம் கிடக்கிறது வெடிச்சா?"

"அப்பிடி ஒருநாளும் பாக்கல்லியா?"

"இல்ல."

"பிஸ்மில்லா சொல்லிட்டு நிப்பாட்டுங்க."

அவன் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் செத்தது. சத்தம் இல்லை. காற்றின் இரைச்சல் மட்டும். ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தான். கார் நெடுமூச்சு விட்டபடி உருண்டுபோய், சென்றிக்கு எட்டாத தூரத்தில், ரோட்டின் நட்டநடுவில் நின்றுவிட்டது.

ஹிதாயாவுக்குப் போன உயிர் வந்தது; வந்த உயிர் உடனே மறுபடி போயிற்று. சென்றிக்கு வராமல், சென்றியைப் பார்த்தபடி தூரத்தில் நிற்கிற கார். அந்நாட்களில் அதைவிடக் கெட்ட காட்சி கிடையாது.

"ஹோல்ட்! பஹிண்ட! அத் உஸ்ஸண்ட!"

மூவரும் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஹாஜியாரின் கைகளோடு சால்வையும் மேலே போனதால், அவர் கொடி பிடித்ததுபோல் இருந்தார்.

"வாப்பா, சிங்களத்தில சொல்லுங்க. நீங்க மந்திரிமாரோட கதைக்கிற நீங்கதானே."

ஹாஜியார் வாயைத் திறந்தார். இன நல்லுறவுச் சங்கத்தின் ஆயுட்கால உப தலைவரின் வாயிலிருந்து "மஹத்தயா" என்று, ஐயா எனப் பொருள்படும் ஒரு சொல் வந்தது. சிறிது நேரம் கழித்து அதே சொல் திரும்பவும் வந்தது. அதற்குப் பிறகு வருவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"கெடிலா!" என்று ஹிதாயா கத்தினாள். பழுதென்று அர்த்தம். பஸ் கொண்டக்டர்மாரிடம் பொறுக்கியது. "எஞ்சின் கெடிலா!"

துப்பாக்கி அசைந்தது. "தல்லு கரண்ட!"

தள்ளு என்பதை விளங்கிக்கொள்ள யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஜுனைதீன் ஒரு கையைக் கதவுக்குள்ளால் விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளினான். ஹிதாயா பின்னால். அவளுக்குப் பக்கத்தில் ஹாஜியார். அவருடைய புதுச் சப்பாத்து தாரில் வழுக்கியது.

"ஒரு நீதவானக் கொண்டு..."

"இன்னும் ஆகல்ல வாப்பா. தள்ளுங்க."

சென்றியில் இரண்டு பேர். ஒருவன் கையில் பன்டேஜ் சுற்றியிருந்தான். ஹிதாயா அதைப் பார்த்தாள். பிறகு பார்க்காமல் இருக்க முயன்றாள். அவன் விரல் துப்பாக்கி விசையில் இருந்தது. கண்ணில் தூக்கம் இல்லை. இவர்களைவிட அவனுக்குப் பயம் அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை மேலும் பயமுறுத்தியது.

மற்றவன் டிக்கியைப் பார்த்தான். சீற்றுக்கடியைப் பார்த்தான். முன்சீற்றுக் காலடியில் வயர்கள் புகுந்து புறப்படும் பெட்டியைக் கண்டதும் அவன் பின்னுக்கு ஒரு எட்டு வைத்தான்.

"மேக மொகத?"

"கம்ப்யூட்டர்" என்றான் ஜுனைதீன். "கார்ட கம்ப்யூட்டர், சேர்."

காருக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்ற கேள்வி ஆமிக்காரனின் முகத்தில் எழுதியிருந்தது. நியாயமான கேள்விதான். அந்தக் கேள்வியை ஹிதாயா கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவன் ஜுனைதீனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தானே டிரைவர் சீற்றில் ஏறினான். சாவியைத் திருப்பினான்.

பழுதென்று சொன்ன கார், ஜப்பானில் புறப்பட்ட அன்றுபோல் அழகாக ஸ்டார்ட் ஆனது.

பன்டேஜ்காரன் துப்பாக்கியை ஜுனைதீனின் நெஞ்சுக்கு உயர்த்தினான். ஹாஜியார் 'லாயிலாஹ' தொடங்கிவிட்டார். மகளின் கலியாணத்தில்கூட அவர் இவ்வளவு தாழ்ந்த குரலில் ஓதவில்லை.

உள்ளே இருந்தவன் அக்சிலேட்டரை மிதித்தான். கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். நல்ல காரின் சத்தம் அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. முகத்தில் ஒரு சிரிப்புக்கூட வரத் தொடங்கியது. எஞ்சின் முனகியபடி மேலே ஏறியது. ஹிதாயாவின் காதுக்குள் அந்த இலக்கங்கள் தாமாக ஓடின. இந்த இடம்வரை பாதகமில்லை. இதற்கு மேல் போய், காலை எடுத்தால்...

விசையில் இருக்கும் விரலுக்கு ஒரு 'டப்' போதும்.

"என்ட பேக்" என்றாள். யாரிடம் சொன்னாளோ தெரியாது. இடதுபக்கக் கதவு திறந்தபடி கிடந்தது. குனிந்தாள். ஒரு கை, சோதித்தவன் முன்சீற்றில் போட்டிருந்த கைப்பையைத் தூக்கியது. மற்றக் கை கீழே போய், பெட்டியில் செருகியிருந்த பெரிய பிளக்கை, அதன் பூட்டை நகத்தால் நெம்பி, இழுத்தது.

எஞ்சின் நின்றது.

சிரிப்பு பாதியில் நிற்க, ஆமிக்காரன் சாவியைத் திருப்பினான். ஸ்டார்ட்டர் சுற்றியது, கார் அசையவில்லை. மறுபடியும் திருப்பினான். ஒன்றும் இல்லை. ஹிதாயா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். 

"கெடிலா" என்றாள்.

அவன் அவளைப் பார்த்தான். ஹாஜியாரைப் பார்த்தான். தங்கக்கரைச் சால்வையையும், தூசி படிந்த சப்பாத்தையும், ஓதிக்கொண்டிருந்த உதடுகளையும் பார்த்தான். சிரிப்பு முழுதாக வந்துவிட்டது. பன்டேஜ்காரனிடம் ஏதோ சொன்னான். துப்பாக்கி கீழே இறங்கியது.

"தல்லு கரண்ட, தாத்தே."

ஹாஜியார் தள்ளினார். அன்று அம்பாறை மாவட்டத்தில் அவர் தள்ளிய அளவுக்கு எந்தச் சமாதான நீதவானும் எதையும் தள்ளியிருக்க மாட்டார்.

ரோட்டு வளைந்து, மருதமரங்கள் சென்றியை மறைத்த இடத்தில் மூவரும் காரோடு சாய்ந்து நின்றார்கள். ஹிதாயா வாய்க்காலோரம் போய் வாந்தி எடுத்தாள். ஜுனைதீன் அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டு நின்றான். 

"அது எப்பிடிப் புள்ள நிண்ட?"

"நான்தான் பிளக்கக் கழட்டின."

 அவளுடைய நகம் ஒன்று பிய்ந்து இரத்தம் கசிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இனி இந்தப் புலி வேணா" என்றான் கடைசியில். "வல்லாஹி, வேணா. இண்டைக்கே அழிச்சிருவன்."

"எதால அழிக்கிற?"

அவன் திரும்பி, வெறுமையாகக் கிடந்த பின்சீற்றைப் பார்த்தான்.

இதற்குள் ஹாஜியாருக்கு மூச்சு வந்துவிட்டது. தொப்பியை நிமிர்த்தினார். சால்வையை உதறினார். கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். பூட்டப் பூட்ட அவருடைய உயரம் கூடிக்கொண்டே வந்தது.

"பாத்தியா மகள்? நான் ரெண்டு சொல்லு கதைச்சன், விட்டுட்டான். அவனுகளுக்கு ஆளப் பாத்தாத் தெரியும்." மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். "கெதியா எடுங்க மருமகன். சத்தியப்பிரமாணம் முடிச்சி அஸருக்கு முன்ன ஊர் திரும்பணும். சனம் பிரதான வீதியில காத்துக்கு நிக்கும்."

ஜுனைதீன் ஹிதாயாவைப் பார்த்தான். ஹிதாயா வந்த வழியைப் பார்த்தாள். மருதமரங்களுக்கு அப்பால் யாரோ சிரிக்கிற சத்தம் இன்னும் கேட்டது.

லெப்டொப் வீட்டில் இருந்தது. வீட்டுக்குப் போக அந்த ரோட்டு ஒன்றுதான் இருந்தது.